வளைவில் வண்டி கவிழ்ந்தால் முதலில் ரோட்டைப் பிடியுங்கள்

கோத்தகிரிப் பக்கத்தில் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் பிக்கப் ஓட்டுகிறேன். மதியத்துக்கு மேல் ஹட்டி ஹட்டியாக (படுகர் ஊர்களை ஹட்டி என்போம்) நின்று மூட்டை ஏற்றி, இலையை எடை போட்டு இறக்கிவிட்டு வீடு வரும்போது இருட்டிவிடும். இலை குறைந்த மாதங்களில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட், முட்டைக்கோஸ் லோடு. அதனால் விபத்து என்பது எனக்குப் பேப்பரில் படிக்கும் விஷயம் இல்லை. வளைவு திரும்பினால் எதிரே கிடக்கும். நான் டாக்டர் இல்லை. 108 வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர் தம்பிகள் எங்கள் ஸ்டாண்டில் வந்து சொல்லிக் கொடுத்தது பாதி, அவர்கள் ரோட்டோரம் வேலை செய்யும்போது பக்கத்தில் டார்ச் பிடித்து நின்று பார்த்தது பாதி.

விபத்து என்றதும் நம்ம ஜனங்களுக்குக் கால் தானாக ஓடும். நல்ல குணம்தான். ஆனால் ஓடுகிற அத்தனை பேரும் அடிபட்டவரைத் தூக்கத்தான் ஓடுகிறார்கள். ஒருத்தர் காலைப் பிடிக்க, ஒருத்தர் கக்கத்தில் கை கொடுக்க, வழியில் வந்த ஆட்டோவுக்குள் மடக்கித் திணித்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். நான் சொல்வது நேர் எதிர். தூக்குவது கடைசி வேலை. மலையில் ஆம்புலன்ஸ் வந்துசேர நேரம் பிடிக்கும். அதுவரை இன்னொரு வண்டி வந்து மோதாமல், மூச்சு அடைக்காமல், ரத்தம் கொட்டாமல், உடம்பு குளிர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே நிற்கிறவனுடைய வேலை. அதிலும் முதல் வேலை ரோடு.

ரோடு

உங்கள் வண்டியை வளைவுக்குள் நிறுத்தாதீர்கள். விபத்தைத் தாண்டிக் கொஞ்சம் நேர் ரோடு கிடைக்கும் இடத்தில், மேட்டுப் பக்கம் ஒட்டி நிறுத்துங்கள். நாலு இண்டிகேட்டரும் எரியட்டும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். இறக்கம் பார்த்து நிற்கிற வண்டிக்கு ரிவர்ஸ் கியர், ஏற்றம் பார்த்து நிற்கிற வண்டிக்கு முதல் கியர். சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள், கட்டை இல்லையென்றால் கல். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் பதற்றத்தில் நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கி ஓடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்து, ஆளை நிறுத்துங்கள். கீழே சமவெளியில் ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் என்று சொல்வார்கள். மலையில் மீட்டர் கணக்கு உதவாது. ஒரு வளைவு மேலே ஒருத்தர், ஒரு வளைவு கீழே ஒருத்தர். ஒரே ஒரு ஆள்தான் கிடைத்தார் என்றால் அவரை மேலே அனுப்புங்கள். ஏறி வருகிற வண்டி முதல் கியரிலோ இரண்டாவதிலோ முனகிக்கொண்டு வரும், பிரேக்கைத் தொட்டால் நின்றுவிடும். இறங்கி வருகிற வண்டி அப்படி இல்லை. அதுவும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, டிரம் சூடேறி, பிடிமானம் பாதி போன வெளியூர் வேன் என்றால், உங்களைப் பார்த்த பிறகும் நிற்காது. அதனால் தடுக்கப் போகிறவர் ரோட்டு நடுவில் நிற்கவே கூடாது. பள்ளத்துப் பக்கமும் கூடாது. மேட்டுப் பக்கம், வாய்க்காலை ஒட்டி, தாவி ஒதுங்க இடம் இருக்கும் இடத்தில் நின்று துண்டை வீசட்டும். இரவானால் டார்ச்சை டிரைவர் கண்ணில் அடிக்காமல் தரையில் அடித்து ஆட்டட்டும்.

அரசுப் பேருந்து ஒன்று வந்து நின்றால் அது பெரிய உதவி. நடத்துநரிடம் விசில் இருக்கும், வண்டியில் முதலுதவிப் பெட்டி இருக்கும் (பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது திறந்தால்தான் தெரியும்), முக்கியமாக, அவர் சொன்னால் ஜனம் கேட்கும். விசிலை ஊதச் சொல்லி ஒரு பக்க ரோட்டை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் மழையும் மஞ்சும் சேர்ந்து இறங்கும்போது முக்கோணப் பலகை வைத்தாலும் கிட்டே வந்த பிறகுதான் தெரியும். அப்போது மனிதக் குரலும் விசிலும்தான். பழைய டிரைவர்கள் இலையோடு மரக்கிளையை ஒடித்து ரோட்டில் போடுவார்கள். அது நல்ல வழக்கம், வெளியூர்க்காரருக்கும் புரியும். வேலை முடிந்ததும் கிளையையும், சக்கரத்துக்கு வைத்த கல்லையும் எடுத்து ஓரம் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். விட்டுவிட்டுப் போன அந்தக் கல்லில் ராத்திரி ஒரு பைக்காரர் ஏறுவார்.

வேடிக்கை பார்க்க நிறுத்தும் கார்களால் இரண்டு பக்கமும் அடைத்து, ஆம்புலன்ஸ் கீழேயே மாட்டிக்கொள்வது மலை ரோட்டில் பெரிய தொல்லை. ஒரு லேன் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். திட்டினால் யாரும் நகர மாட்டார்கள். போனில் வீடியோ எடுக்கிற பையன் தோளில் கை போட்டு, "தம்பி, அந்த நாலு காரையும் முன்னாடி போகச் சொல்லுடா கண்ணு, உன்னால முடியும்" என்று வேலை கொடுங்கள். பெரும்பாலும் செய்துவிடுவான். வீடியோவும் நின்றுவிடும்.

கவிழ்ந்த வண்டியில் என்ஜின் ஓடினால் சாவியைத் திருப்பி அணையுங்கள். சுற்றிலும் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. மின்கம்பத்தில் மோதி கம்பி அறுந்து கிடந்தால் நீங்களும் போகாதீர்கள், யாரையும் விடாதீர்கள். மின்வாரியம் லைனை நிறுத்தியதாகச் சொன்ன பிறகுதான் கிட்டே போகலாம். தடுப்புச் சுவரில் தொங்கிக்கொண்டு நிற்கிற வண்டியைத் தொடாதீர்கள், அதற்கு நேர் கீழே சரிவில் யாரும் நிற்க வேண்டாம்.

இன்னொன்று, கீழ்நாட்டு வழிகாட்டிகளில் இருக்காது. குஞ்சப்பனை ரோட்டிலும் பர்லியார், கல்லார் பக்கமும் பலாப்பழக் காலத்தில் யானை ரோட்டோரமே நிற்கும். கோத்தகிரி, குன்னூரில் காட்டெருமை தெருவுக்குள்ளேயே நடக்கிறது; சில பைக் விபத்துக்கு அதுதான் காரணமாகவும் இருக்கிறது. இருட்டிய பிறகு எல்லோரும் குனிந்து அடிபட்டவரையே பார்த்துக்கொண்டிருக்காமல், ஒரு ஆள் காட்டைப் பார்த்து நிற்கட்டும்.

போன்

108 சேவை தமிழ்நாட்டில் 2008-ல் வந்தது. இப்போது சின்னக் குழந்தைக்கும் நம்பர் தெரியும். ஆனால் கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் அடித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வதும் நடக்கிறது. பொதுவாக "யாராவது போன் பண்ணுங்க" என்று கத்தாதீர்கள். ஒருத்தரைக் கை காட்டி, "நீலச் சட்டை அண்ணா, நீங்க 108 அடிங்க, பேசிட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க" என்று சொல்லுங்கள்.

பேசுகிறவர் சொல்ல வேண்டியது: எந்த ரோடு, எத்தனையாவது வளைவு, என்ன வண்டி, எத்தனை பேர், யாராவது பேச்சு மூச்சில்லாமல் இருக்கிறார்களா, யாராவது உள்ளே மாட்டியிருக்கிறார்களா. "ஊட்டி ரோட்டில்" என்றால் ஒன்றும் சொல்லாதது போல்தான். மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. வளைவுகளுக்கு எண் போட்ட பலகை உண்டு. நடந்து போய் அந்த எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். கோத்தகிரி ரோட்டில் கிலோமீட்டர் கல், பக்கத்து ஊர், எஸ்டேட் பெயர், கோயில், டீக்கடை எதுவானாலும் சரி. கூடவே "மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது குஞ்சப்பனை தாண்டி" என்கிற மாதிரி எந்தப் பக்கமிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோடைச் சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழிப் போக்குவரத்து இருக்கும். அப்போது ஆம்புலன்ஸ் எதிர்த்திசையில் வர வேண்டியிருக்கலாம், அடைப்பில் நிற்கும் வண்டிகளை ஒதுக்கிவைக்க இன்னும் ஆள் வேண்டும்.

சிக்னல் இல்லாத வளைவுகள் எத்தனையோ. போனில் "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி" என்று காட்டினாலும் 112 அடித்துப் பாருங்கள், வேறு கம்பெனி டவர் வழியாகவும் போகும். அதுவும் இல்லையென்றால், கிளம்பும் பைக்காரர் ஒருவரிடம் விவரத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். வாயால் சொல்லி அனுப்பினால் மூன்று பேர் ஆறு பேர் ஆகிவிடும், ஒன்பதாவது வளைவு பத்தொன்பதாவது ஆகிவிடும். மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர் என்று இரண்டு பேரிடம் அனுப்பினால் இன்னும் நல்லது. ஆள் மாட்டிக்கொண்டிருந்தாலோ பள்ளத்தில் கிடந்தாலோ தீயணைப்பு நிலையத்துக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரி என்று கூட்டத்தில் சண்டை வரும். கோத்தகிரி அரசு மருத்துவமனையா, குன்னூர் லாலியா, ஊட்டி மெடிக்கல் காலேஜா, நேராகக் கோயம்புத்தூரா என்பதை 108-காரர்கள் முடிவு செய்யட்டும். எங்கே என்ன வசதி என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அடிபட்டவர்

கத்துகிறவரிடம்தான் எல்லோரும் ஓடுவார்கள். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடக்கிறவரை முதலில் பாருங்கள். தலைமாட்டில் போய் நிற்காமல், அவர் கண்ணுக்கு நேராக வந்து குனிந்து கூப்பிடுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார், கழுத்து எலும்பு விலகியிருந்தால் அந்த ஒரு திருப்பல் போதும். தோளைத் தட்டி, "அண்ணா, கேக்குதா? தலையை ஆட்டாதீங்க, நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள். கேரளாக்காரர் என்றால் "பேடிக்கண்டா", கர்நாடகாக்காரர் என்றால் "பயபடபேடி". மிச்சம் எல்லாம் குரலில் புரிந்துவிடும்.

பதில் இல்லையென்றால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடி வரை பாருங்கள். எப்போதோ ஒருமுறை மீன் வாய் திறப்பது மாதிரி இழுப்பது மூச்சு இல்லை. மூச்சே இல்லையென்றால் நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது வேகத்தில், ஐந்து சென்டிமீட்டராவது அமுங்குமாறு அழுத்துங்கள். 108-க்கு லைனில் இருந்தால் அவர்களே எண்ணிக்கை சொல்லித் தருவார்கள். கைமாற ஆள் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். ஓட்டும்போதே மாரடைப்பு வந்து மோதிய டிரைவர்களும் உண்டு என்பதால், ரத்தக் காயம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

மூச்சு இருக்கிறது, ஆனால் குறட்டை, கொரகொரப்பு என்றால் வாயில் ரத்தமோ வாந்தியோ அடைத்திருக்கும், இல்லையென்றால் நாக்கு பின்னால் விழுந்திருக்கும். தலையைப் பின்னால் சாய்க்காமல், காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் தாடை எலும்பின் மூலையில் விரலை வைத்துத் தாடையை முன்னால் தள்ளுங்கள். பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும். மலைப்பாதையில் வாந்தி சாதாரணம். கீழே மேட்டுப்பாளையத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறி வருகிறார்கள். வாந்தி வந்தால் மல்லாக்க விடக் கூடாது. ஒருத்தர் தலையை இரண்டு கையாலும் பிடிக்க, மற்ற இருவர் தோளையும் இடுப்பையும் பிடிக்க, தலையைப் பிடித்தவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொன்னதும் மூவரும் சேர்ந்து ஒரே வாக்கில் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். உத்தரவு எப்போதும் தலையைப் பிடித்தவருடையது.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா என்று கேட்காத ஆள் இல்லை. பேசுகிறார், மூச்சு சரியாக இருக்கிறது என்றால் கழற்ற வேண்டாம். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தாடைப் பட்டையை அவிழ்த்தால் போதும். மூச்சு அடைக்கிறது, வாந்தி எடுக்கிறார், நெஞ்சு அழுத்த வேண்டும் என்றால் மட்டும் கழற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர். ஒருத்தர் கீழிருந்து தாடையையும் பிடரியையும் அசையாமல் தாங்க, இன்னொருத்தர் ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் விரித்துப் பிடித்து, மூக்கு தட்டாமல் மெதுவாக உருவ வேண்டும். ஒரே ஆளாக இழுத்துப் பிடுங்குவது வேண்டவே வேண்டாம்.

ரத்தம் குபுகுபுவென்று வருகிற இடத்தில் மடித்த துணியை வைத்து, உள்ளங்கையால், உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். அழுத்தினால் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தமும் பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். கண்ணாடியோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அதைச் சுற்றி அழுத்துங்கள். கையிலோ காலிலோ எவ்வளவு அழுத்தியும் பீறிட்டுக்கொண்டே இருந்தால், உயிர் போகும் என்கிற நிலையில் மட்டும், காயத்துக்கு நாலு விரல் மேலே (முட்டியிலும் முழங்கையிலும் இல்லை) அகலமான துணியைக் கட்டி, அதில் ஒரு குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் கையிலோ நெற்றியிலோ பேனாவால் எழுதிவிடுங்கள். அதன் பிறகு அவிழ்ப்பது டாக்டர் வேலை. சணல் கயிறு, ஒயர் எல்லாம் சதையை அறுக்கும், வேண்டாம்.

காயத்தில் காப்பித்தூள் அப்புகிற வழக்கத்தை யார்தான் கண்டுபிடித்தார்களோ! எங்கள் பக்கம் டீத்தூளும் சேர்ந்துகொள்ளும், மஞ்சளும் சேரும். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அதை ஒவ்வொன்றாகக் கழுவி எடுக்கிற வேதனை அடிபட்டவருக்குத்தான். துணியும் அழுத்தமும் போதும்.

தண்ணீர், சோடா, டீ எதுவும் வாய்வழியே வேண்டாம். தோட்டத்து அக்காமார் பிரியத்தோடு ஃபிளாஸ்க்கில் டீயும் கொண்டு ஓடி வருவார்கள், மறுப்பது சங்கடம்தான். அரை நினைவில் இருப்பவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழாயில் போகும். ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தால் வயிறு நிறைந்திருப்பது இன்னொரு தொல்லை. ரொம்பக் கேட்டால் துணியை நனைத்து உதட்டில் ஒற்றுங்கள். அந்த டீயை வளைவில் துண்டு வீசிக்கொண்டு நிற்கிறவருக்குக் கொடுத்து அனுப்புங்கள், அவருக்குத் தேவை.

இனி குளிர். இதைப் பற்றிச் சமவெளிக்காரர்கள் நினைப்பதே இல்லை. கோத்தகிரி கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி, ஊட்டி ஏழாயிரத்துக்கு மேல். மார்கழி, தையில் ஊட்டியில் உறைபனி கொட்டும். ரத்தம் இழந்த உடம்பு தன்னைத்தானே சூடாக வைத்துக்கொள்ளாது. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவதும் மந்தமாகும், அதனால் இன்னும் ரத்தம் போகும், இன்னும் குளிரும். நல்ல வெயில் காலத்தில்கூட மழையில் நனைந்து ஈரத் தார் ரோட்டில் அரை மணி நேரம் கிடந்தால் பல் தந்தி அடிக்க ஆரம்பித்துவிடும். எல்லோரும் மேலே சால்வை போர்த்துகிறார்கள், கீழே இருக்கிற ரோடு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் திருப்பும் சந்தர்ப்பம் வந்தால் அந்த நேரத்திலேயே முதுகுக்கு அடியில் கம்பளியையோ காலி இலைச் சாக்கையோ தள்ளிவிடுங்கள். மேலே கம்பளி, அதற்கு மேலே மழைக்குத் தார்ப்பாய். தலையும் மூட வேண்டும், முகம் மட்டும் வெளியே. காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார வைக்கலாமே என்பார்கள். அதற்காக அசைக்காதீர்கள், போர்த்தினால் போதும். பெட்ரோல் வாசனை இருக்கும் இடத்தில் சுள்ளி மூட்டிக் குளிர்காய வைக்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள்.

பள்ளம்

வண்டி தேயிலைச் சரிவிலோ சோலைக்குள்ளோ உருண்டிருந்தால், எல்லோரும் இறங்கக் கூடாது. மேலே நடக்கிறவர் காலில் தட்டிய கல் கீழே இருக்கிறவர் தலையில் விழும். இரண்டு மூன்று பேர், வண்டிக்கு நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டாக இறங்கட்டும். தோட்டத்து ஆட்களுக்குப் புதருக்கு நடுவில் எங்கே கால் வைக்கலாம் என்று தெரியும், அவர்களை முன்னால் விடுங்கள். மேலே ரோட்டில் ஒருத்தர் கீழே இருப்பவர்களோடு குரலில் தொடர்பு வைத்து, அவர்கள் சொல்வதைப் போனில் 108-க்குச் சொல்லட்டும்.

கீழே போனவர்கள் முதலில் ஆட்களை எண்ண வேண்டும். உருளும்போது ஜன்னல் வழியாகத் தூக்கி எறியப்பட்டவர் இருபதடி தள்ளிப் புதருக்குள் கிடப்பார். நினைவு இருக்கிற பயணியிடம் "எத்தனை பேர் வந்தீங்க, சின்னப் பிள்ளைங்க எத்தனை?" என்று கேளுங்கள். 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் பக்கம் தென்காசி மாவட்டத்துச் சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்த மாதிரி ஐம்பது பேர் வந்த வண்டி என்றால், இந்தக் கணக்கு ஒன்றே பெரிய வேலை. நடக்க முடிகிறவர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்து, பிள்ளைகளை ஒரு பெண்ணிடம் ஒப்படையுங்கள். நடக்கிறவர்களுக்கும் உள்காயம் இருக்கலாம், கண்ணுக்கு மறைவாகப் போக விடாதீர்கள்.

உள்ளே மாட்டியவரை இழுக்காதீர்கள். தீப்பிடிக்கிறது, வண்டி இன்னும் சரிகிறது என்றால் தவிர அவர் அங்கேயே இருக்கட்டும். பின் சீட்டில் ஒருத்தர் ஏறி உட்கார்ந்து தலையை நேராகப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் தீயணைப்புக்காரர்கள் வரும்வரை தாக்குப் பிடிப்பார். சீட் பெல்ட் இறுக்கினால் கவாத்துக் கத்தியால் அறுக்கலாம். கத்தியின் கூர் உடம்பைப் பார்க்காமல் வெளியே பார்க்கட்டும்.

ஸ்ட்ரெச்சர் வராத இடத்திலிருந்து தூக்கியே ஆக வேண்டும் என்றால் கம்பளிதான். 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரிக்குப் பக்கத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது நஞ்சப்பசத்திரத்து மக்கள் வீட்டுக் கம்பளிகளைக் கொண்டுவந்துதான் கொடுத்தார்கள், அதில்தான் ஆட்களைத் தூக்கினார்கள். கனமான கம்பளியை விரித்து, ஆளை ஒரே வாக்கில் திருப்பி அதில் கிடத்தி, ஓரங்களை உடம்பு வரை இறுக்கமாகச் சுருட்டிப் பிடித்து, ஆறு பேர் தூக்க வேண்டும், தலைக்குத் தனியாக ஒருத்தர். எஸ்டேட் ஃபேக்டரி, டிஸ்பென்சரி பக்கத்தில் இருந்தால் ஸ்ட்ரெச்சர் கேட்டு ஆள் அனுப்புங்கள், நிறைய இடத்தில் இருக்கும்.

சொந்த வண்டியில் கொண்டுபோவது

108 வர ரொம்ப நேரமாகும் என்று அவர்களே சொன்னால், அல்லது எவ்வளவு அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றால், கொண்டுபோகத்தான் வேண்டும். அப்போதும் லைனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எந்த இடத்தில் எதிர்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டால், பாதி வழியிலேயே ஆம்புலன்ஸுக்கு மாற்றிவிடலாம். உட்கார வைத்து மடக்கிக் கொண்டுபோகாதீர்கள். சீட்டை மடக்கிய ஜீப், ஆம்னி வேன், என் பிக்கப் மாதிரி பின்தளம் உள்ள வண்டி, இவற்றில் படுக்க வைக்கலாம். இரண்டு பக்கமும் இலை மூட்டையையோ பையையோ அண்டக் கொடுத்தால் வளைவில் உருளாது. ஒருத்தர் தலை, ஒருத்தர் காயம். டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள். கொண்டை ஊசியில் ஆட்டாமல் திருப்புகிற டிரைவர்தான் வேண்டும், வேகமாகப் போகிறவர் இல்லை. அடிபட்டவருடைய சொந்தக்காரரை ஓட்டவே விடாதீர்கள்.

போலீஸ், காசு, பயம்

"உதவப் போனா ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்கப்பா" என்று இன்னும் சொல்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்று ஒரு பிரிவே சேர்த்து, 2020-ல் விதிகளும் வந்துவிட்டன. நல்லெண்ணத்தோடு உதவப்போய் ஏதாவது ஆகிவிட்டாலும் உங்கள் மேல் வழக்கில்லை. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு உடனே கிளம்பலாம், உங்களிடம் பணம் கட்டச் சொல்லக் கூடாது. சாட்சி சொல்வது உங்கள் விருப்பம். மோதிய வண்டியே உங்களுடையது என்றால் மட்டும் இது பொருந்தாது.

அடிபட்டவரிடம் காசு இருக்குமா என்று நீங்கள் கவலைப்படவும் தேவையில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும்கூட. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும், கேரளாக்காரரானாலும் வெளிநாட்டுக்காரரானாலும் உண்டு. உங்களுக்கும் மத்திய அரசு ஊக்கத்தொகை ஒன்று வைத்திருக்கிறது, 2025-ல் அதை 25,000 ரூபாய் ஆக்கினார்கள்.

என்னைக் கேட்டால் சட்டத்தைவிடப் பெரிய தலைவலி பொருள்கள்தான். செயின், வளையல், பர்ஸ், போன். எதையும் தனியாக எடுத்து வைக்காதீர்கள். இரண்டு பேர் பார்க்க ஒரு பையில் போட்டு, போனில் படம் எடுத்து, 108 உதவியாளரிடமோ போலீஸிடமோ கொடுங்கள். அடிபட்டவருடைய போன் அடித்துக்கொண்டே இருக்கும், திரையில் "அம்மா" என்று வரும். எடுங்கள். என்ன ஆயிற்று, எப்படி இருக்கிறார் என்று விளக்காதீர்கள், உங்களுக்கு அது தெரியாது. "அம்மா, வண்டி விழுந்திருச்சு, ஆம்புலன்ஸ்ல இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க, நீங்க வண்டி ஓட்டாதீங்க" என்றால் போதும். ஆஸ்பத்திரி பெயரை இரண்டு தடவை சொல்லுங்கள், அழுகையில் முதல் தடவை காதில் ஏறாது.

என் சீட்டுக்குப் பின்னால்

இரண்டு சக்கரக் கட்டை, கயிறு, தார்ப்பாய், நெற்றியில் மாட்டும் டார்ச், விசில், ஒளிரும் மேல்சட்டை, முக்கோணப் பலகை, கவாத்துக் கத்தி, துவைத்து மடித்த பழைய வேட்டித் துணிகள், பேனா, கம்பளி. ரப்பர் கையுறை ஒரு டப்பா மருந்துக்கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். கையில் சின்ன வெட்டு இருந்தாலும் அடுத்தவர் ரத்தம் படக் கூடாது. கேரி பேக்கைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்றால், அது தடை ஆயிற்றே. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவதை மறக்காதீர்கள், ஒரு துண்டு சோப்பும் வையுங்கள்.

கம்பளியை மட்டும் திரும்பக் கேட்காதீர்கள். அது ஆளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். மேட்டுப்பாளையம் போகும்போது இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.